டாக்காவில் பிறந்த பேரோசை

வளர்ச்சிப் பொருளாதாரத்தை முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக முதுகலை மாணவர்களுக்குக் கற்பித்தவன் நான். அப்பாடத்தில் 1974-ஆம் ஆண்டின் வங்கதேசப் பஞ்சத்துக்குத் தனி இடம் உண்டு. அமர்த்திய சென் 1981-இல் வெளியிட்ட 'வறுமையும் பஞ்சங்களும்' நூலில் அதற்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார். 1971 முதல் 1975 வரையிலான ஐந்தாண்டுகளில், தலைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டால், அந்நாட்டில் உணவு தானியம் மிகுதியாக இருந்த ஆண்டு 1974-தான். அந்த ஆண்டில்தான் மக்கள் பட்டினியால் மடிந்தார்கள். வெள்ளம் வேலையைப் பறித்தது. வேலை போனதால் கூலி போனது. அரிசி விலை ஏறிக்கொண்டே சென்றது. கடையில் அரிசி இருந்தது, கையில் காசு இல்லை. கியூபாவுக்குச் சணல் சாக்கு விற்றதைக் காரணம் காட்டி அமெரிக்கா தன் உணவு உதவியை நிறுத்தி வைத்ததும் அதே ஆண்டில்தான்.

1998-இல் ஒரு நாள் இப்பாடத்தை முடித்துவிட்டு வகுப்பறையை விட்டு வெளியே வந்தேன். இந்திய அரசின் உதவித்தொகையில் டாக்காவிலிருந்து வந்து படித்துக்கொண்டிருந்த மாணவர் ஒருவர் பின்தொடர்ந்து வந்து, "சார், இந்தப் பஞ்சத்தைப் பற்றி எங்கள் ஊரில் ஒரு பாட்டு இருக்கிறது" என்றார். மறுநாள் இரண்டு ஒலிநாடாக்களைக் கொண்டுவந்து கொடுத்தார். ஒன்று ஆஜம் கான் பாடியது. மற்றொன்று 'வார்ஃபேஸ்' என்ற குழுவினுடையது.

முதலாவதை ஓரளவு கேட்டேன். இரண்டாவதில் ஒரு பாட்டைக்கூட என்னால் முழுமையாகக் கேட்க முடியவில்லை. திருப்பிக் கொடுக்கும்போது, "இது இசையா, இரைச்சலா?" என்று கேட்டுவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "எங்கள் ஊர்ப் பெரியவர்களும் இதையேதான் கேட்கிறார்கள், சார். அதற்கு 'அபசம்ஸ்கிருதி' என்று பெயரே வைத்திருக்கிறார்கள்" என்றார். சீரழிந்த பண்பாடு என்பது அச்சொல்லின் பொருள்.

பணி ஓய்வுக்குப் பிறகு கிடைத்த நேரத்தில், அன்று ஒதுக்கிய அந்த இரைச்சலின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். காதுக்கு எட்டாதது கணக்குக்கு எட்டியது. இந்த வரலாற்றில் நான் வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்த பாடங்கள் பலவும் இருந்தன.

கதையை ஆஜம் கானிடமிருந்துதான் தொடங்க வேண்டும். 1950-இல் டாக்காவில் பிறந்தவர். 1971 விடுதலைப் போரில் துப்பாக்கி ஏந்திய முக்தி வாகினி வீரர். போர் முடிந்து ஊர் திரும்பியதும் கிதாரை எடுத்துக்கொண்டார். அவருடைய 'உச்சாரண்' குழு, ரவீந்திர சங்கீதமும் நஸ்ருல் கீதங்களும் நாட்டுப்பாடல்களுமே இசை என்றிருந்த நாட்டில், தெருவோர இளைஞனின் மொழியை மேடையேற்றியது. ரயில் தண்டவாளத்தை ஒட்டிய குடிசைப் பகுதியில் பிள்ளையை இழந்த தாயைப் பற்றிய அவருடைய பாட்டுதான் என் மாணவர் சொன்னது. சென் பல அட்டவணைகளில் நிறுவியதை அது சில நிமிடங்களில் சொல்லிவிடுகிறது. 2011-இல் அவர் மறைந்தார். வங்கதேச அரசின் உயரிய 'ஏகுஷே' விருது அவரை அடைந்தது 2019-இல், எட்டாண்டுகள் தாமதம்.

வங்கதேசத்துக்கும் ராக் இசைக்கும் உள்ள தொடர்பு என்றதும் பலருக்கு நினைவில் வருவது, பண்டிட் ரவிசங்கரும் ஜார்ஜ் ஹாரிசனும் 1971 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க்கில் அகதிகளுக்காக நடத்திய நிகழ்ச்சி. அந்நிகழ்ச்சியின் இசைத்தட்டு விற்பனையில் கிடைத்த பெருந்தொகை, அமெரிக்க வரித்துறையின் விதிகளில் சிக்கிப் பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்தது. அதை அருளிச்செயல் என்று கொண்டாடுவோர் இந்தப் பின்கதையைச் சொல்வதில்லை. எப்படியாயினும் அது வெளியிலிருந்து வந்த கை. நான் எழுத வந்தது உள்ளிருந்து முளைத்ததைப் பற்றி.

1984-இல் டாக்காவில் இளைஞர்கள் சிலர் சேர்ந்து வார்ஃபேஸ் குழுவைத் தொடங்கினர். கிதார் கலைஞர் இப்ராஹிம் அகமது கமல் அவர்களுள் ஒருவர். நாடு அப்போது ஜெனரல் எர்ஷாதின் ஆட்சியில் இருந்தது. தொலைக்காட்சி என்றால் அரசுத் தொலைக்காட்சி ஒன்றுதான். எலெக்ட்ரிக் கிதாரும் நல்ல ஒலிபெருக்கியும் வெளிநாட்டு உறவினர் தயவில் வந்து சேர வேண்டியவை. ஆகவே இக்குழுக்களில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் நகரத்து நடுத்தர, மேல்நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளாகவே இருந்தனர். இதை மறைக்க வேண்டியதில்லை. ஆஜம் கான் பாடிய குடிசைப் பகுதியிலிருந்து இவர்கள் வரவில்லை.

தொடக்கத்தில் இவர்கள் வாசித்தவை மேலைநாட்டுக் குழுக்களின் ஆங்கிலப் பாடல்கள். அவற்றைக் கற்ற விதம் கவனிக்கத்தக்கது. சுரக்குறிப்புப் புத்தகம் இல்லை, ஆசிரியர் இல்லை, இணையம் என்ற சொல்லே இல்லை. டாக்காவின் எலிஃபென்ட் ரோட்டில், வெளிநாட்டு இசைத்தட்டுகளை ஒலிநாடாவில் பதிவு செய்து தரும் கடைகள் இருந்தன. எந்தெந்தப் பாட்டு வேண்டும் என்று தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால் சில நாள்களில் நாடா தயாராகிவிடும். நம் ஊர்களிலும் எண்பதுகளில் இத்தகைய கடைகள் தெருவுக்குத் தெரு இருந்தன. அறுபது நிமிட நாடாவில் எத்தனை பாட்டு அடங்கும் என்று கணக்குப் போட்டுப் பட்டியல் எழுதிய தலைமுறை என்னுடையது. அந்த நாடாவை ஓட்டி, நிறுத்தி, மீண்டும் பின்னுக்கு ஓட்டி, ஒவ்வொரு சுரமாகக் காதால் பிடித்தார்கள் டாக்கா இளைஞர்கள்.

இதே காலத்தில் வங்கதேசத்தில் இன்னொரு கல்வியும் நடந்துகொண்டிருந்தது. 1978-இல் தேஷ் என்ற ஆயத்த ஆடை நிறுவனம், தென்கொரியாவின் டேவூ நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டு, 130 பேரை பூசான் நகரத் தொழிற்சாலைக்குப் பயிற்சிக்கு அனுப்பியது. அவர்களில் 115 பேர் அடுத்த சில ஆண்டுகளில் விலகிச் சென்று, தாங்களே ஆடை நிறுவனம் தொடங்கினர் அல்லது போட்டி நிறுவனங்களில் சேர்ந்தனர். அனுப்பிய நிறுவனத்துக்கு அது இழப்பு. நாட்டுக்கோ இன்று ஏற்றுமதி வருவாயில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் ஈட்டித்தரும் ஒரு தொழிலே அதிலிருந்து கிளைத்தது. அறிவு கசிந்து பரவுதல் என்று இதைப் பொருளாதாரத்தில் சொல்வோம். பார்த்துச் செய்வதில் தொடங்கி, தானே செய்வதில் முடியும் பயணம் அது. தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்தவர்களும் கிதாரைத் தோளில் மாட்டியவர்களும் ஒருவரையொருவர் அறிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் அவர்கள் நடந்த பாதை ஒன்றுதான்.

இசையில் இறக்குமதிப் பதிலீடு நிகழ்ந்த ஆண்டு என்று 1991-ஐச் சொல்வேன். 1990 டிசம்பர் 6 அன்று மக்கள் எழுச்சியின் அழுத்தத்தால் எர்ஷாத் பதவி விலகினார். அடுத்த ஆண்டு வார்ஃபேஸின் முதல் ஒலிநாடா, குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்டு, சர்கம் நிறுவனத்தின் வெளியீடாக வந்தது. பாடியவர் சஞ்சய், கிதார் கமல், பாஸ் கிதார் பாப்னா கரீம், கீபோர்டு ரஸ்ஸல் அலி, டிரம்ஸ் டிப்பு. ஒலி முழுவதும் மேற்கத்திய ஹெவி மெட்டல். மொழி முழுவதும் வங்காளம். அதே காலத்தில் 'ராக்ஸ்ட்ராட்டா'வின் ஒலிநாடாவும் வந்தது. 1991-இலேயே சிட்டகாங்கைச் சேர்ந்த அயூப் பச்சு 'எல்.ஆர்.பி.' குழுவைத் தொடங்கி, மறு ஆண்டு நாட்டின் முதல் இரட்டை ஒலிநாடாத் தொகுப்பை வெளியிட்டார். ஓராண்டுக்குள் ஒரு சந்தையே உருவாகிவிட்டது.

1952 பிப்ரவரி 21 அன்று தாய்மொழிக்காக டாக்கா வீதிகளில் உயிர் நீத்தவர்களின் நாடு அது. அங்கே பள்ளியில் ஆங்கிலம் படித்து, ஆங்கிலப் பாட்டில் ஊறிய பிள்ளைகள், தங்களுக்கு மிகவும் பிடித்ததைத் தாய்மொழிக்குள் கொண்டுவந்ததைப் 'பண்பாட்டுச் சீரழிவு' என்று எப்படி அழைத்தார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை. அன்று நானும் அதையேதான் சொன்னேன் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

இரைச்சல் என்ற என் புகாருக்கும் விடை தேடினேன். ஒலிபெருக்கியை அதன் தாங்குதிறனுக்கு மேல் முடுக்கினால் ஒலியலையின் முகடுகள் வெட்டுப்படும். அப்போது மூல ஒலியில் இல்லாத மேற்சுரங்கள் பல பிறக்கும். ஹெவி மெட்டலின் கரகரப்பு இதுதான். பொறியாளர் குறை என்று கருதியதைக் கலைஞன் குணமாக்கிக்கொண்டான். அந்தக் கரகரப்பில் பல சுரங்களைச் சேர்த்து ஒலித்தால் குழம்பிவிடும் என்பதால், அடிச்சுரத்தையும் அதன் ஐந்தாம் சுரத்தையும் மட்டுமே பெரும்பாலும் இணைத்து வாசிப்பார்கள். ஷட்ஜமும் பஞ்சமமும்! மார்கழிக் கச்சேரியில் தம்புராவில் நாம் கேட்டுக் கண்மூடும் அதே ச-ப இணைப்பைத்தான் அவர்கள் 'பவர் கார்டு' என்கிறார்கள். இதை அறிந்த பிறகு என் எதிர்ப்பு பாதி குறைந்தது. மீதிப் பாதி இன்னும் இருக்கிறது. டிப்புவின் டிரம்ஸைத் தொடர்ந்து அரை மணி நேரம் கேட்கும் வலு என் காதுகளுக்கு இல்லை.

பாடுபொருளில் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. வார்ஃபேஸின் முதல் தொகுப்பிலுள்ள பாடல் தலைப்புகளைப் பாருங்கள். 'உட்கார்ந்திருக்கிறேன்', 'ஒரு பையன்', 'பதின்பருவம்' என்று தமிழில் சொல்லலாம். ஆஜம் கானின் பாட்டில் ஒரு தாயின் அழுகைக்குப் பின்னால் ஒரு நாடே நின்றது. இங்கே ஓர் இளைஞன் தனியாக அமர்ந்திருக்கிறான். பசியிலிருந்து தனிமைக்கு நகர்ந்த இப்பயணத்தை வீழ்ச்சி என்று விமர்சகர்கள் சிலர் எழுதக்கூடும். பதினேழு ஆண்டுகளில் ஒரு நாட்டின் நகர்ப்புறம் எப்படி மாறியது என்பதன் சாட்சியாக நான் அதைப் படிக்கிறேன். மேடையில் பெண்கள் ஏறக்குறைய இல்லவே இல்லை என்பது மட்டும் எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. ஆடைத் தொழிற்சாலைகளை நிறைத்தவர்களோ பெண்கள்.

1994-இல் வந்த இரண்டாவது தொகுப்பு 'அபாக் பாலோபாஷா'. 'வியப்பூட்டும் அன்பு' எனலாம். பாப்னா கரீம் பாடிய அதன் தலைப்புப் பாடல்தான் இக்குழுவை மெட்டல் ரசிகர் வட்டத்துக்கு வெளியே கொண்டு சென்றது. மென்மையாகத் தொடங்கி மெல்ல மெல்லப் பெருகும் நீண்ட பாட்டு. மெட்டல் பிடிக்காத வீடுகளிலும் அது ஒலித்தது. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் 'ஜீபன்தாரா'வும் 'அஷாமாஜிக்'கும், 2000-இல் 'ஆலோ'வும், 2003-இல் 'மஹாராஜ்'உம், 2009-இல் 'பத்சலா'வும், 2012-இல் 'ஷொத்தோ'வும் வெளிவந்தன. இருபது ஆண்டுகளில் எட்டுத் தொகுப்பு என்பது வணிகக் கண்ணுக்கு மிகக் குறைவு.

குறைந்ததற்குக் காரணம் உண்டு. குழுவில் ஆள் நிற்கவில்லை. பாப்னா அமெரிக்கா சென்றார், ரஸ்ஸலும் சென்றார். சஞ்சய் விலகிய பின் மிஸான் பாடினார், பிறகு பாலாம், மீண்டும் மிஸான், 2016 முதல் பலாஷ் நூர். நிலைத்து நின்றவர்கள் கமலும் டிப்புவும். வங்கதேசத்தின் எந்தத் துறையின் வரலாற்றை எழுதினாலும் 'விசா' என்ற சொல் இடையில் வந்தே தீரும். வளைகுடாவில் கட்டுமானப் பணிக்குச் சென்றவர் வீட்டுக்குப் பணம் அனுப்புகிறார்; அது நாட்டின் கணக்கில் ஏறுகிறது. கிதார் கலைஞர் சென்றால் குழு உடைகிறது. அது எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

ஆனால் உடைந்தவை மறுபடி முளைத்தன. பூசானுக்குச் சென்ற 130 பேரின் கதைதான் இங்கும். வார்ஃபேஸில் பாஸ் கிதார் வாசித்த சுமன், 'அர்த்தஹீன்' குழுவை நடத்தினார். பாலாம் வெகுமக்கள் பாடகராகத் தனித்து வென்றார். இவர்களைக் கேட்டு வளர்ந்த அடுத்த தலைமுறை 1999-இல் தொடங்கிய 'ஆர்ட்செல்', 2006-இல் பதினாறு நிமிடப் பாட்டு ஒன்றை வெளியிட்டது. அதை வரிக்கு வரி சேர்ந்து பாடுகிற கூட்டம் இன்றும் அந்நாட்டின் கல்லூரி மைதானங்களில் கூடுகிறது.

எல்லைக்கு இப்புறம், கொல்கத்தாவில், கதை வேறு. அங்கே கௌதம் சட்டோபாத்யாய் 1975-லேயே 'மஹீனேர் கோராகுலி' குழுவைத் தொடங்கிவிட்டார். ஜீவனானந்த தாஸின் கவிதையொன்றிலிருந்து எடுத்த பெயர். 1977 முதல் 1979 வரை ஆண்டுக்கு ஒன்றாக மூன்று இசைத்தட்டுகள் வந்தன. வாங்குவார் இல்லை, குழு கலைந்தது. இசைத்தட்டு யுகத்தில் பெரு நிறுவனமே வாயிற்காவலன். கேசட் வந்து அந்தக் காவலை உடைத்தபோது அவர்கள் களத்தில் இல்லை. டாக்காக் குழுக்கள் இருந்தன. அறிவிலோ திறமையிலோ கொல்கத்தா பின்தங்கியிருக்கவில்லை. பத்தாண்டு முன்னதாகப் பிறந்துவிட்டார்கள், அவ்வளவுதான். பிற்காலத்தில் அவர்கள் பாட்டு ஒன்றின் மெட்டு, 2006-இல் 'கேங்ஸ்டர்' என்ற இந்திப் படத்தில் ஒலித்தது. பாடியவர் வங்கதேசத்தின் ராக் பாடகர் ஜேம்ஸ்.

இனி, நான் உண்மையில் எழுத வந்த இடத்துக்கு வருகிறேன்.

கேசட் காலத்தில் டாக்காவின் பழைய நகரிலுள்ள பாட்டுவாட்டுலிதான் ஒலிநாடா வணிகத்தின் மையம். அக்கால வழக்கம் எளிமையானது. கலைஞர்கள் மூலப் பதிவைக் கொடுப்பார்கள். வெளியீட்டாளர் மொத்தமாக ஒரு தொகையைக் கொடுப்பார். விற்பனைக்கு ஏற்ற பங்கு என்பது அரிது. எத்தனை பிரதி விற்றது என்பது வெளியீட்டாளருக்கு மட்டுமே தெரிந்த ரகசியம். இருபது வயது இளைஞர்களுக்கு நாடா வெளிவந்ததே பெரும் பேறு. ஒப்பந்தத்தை யார் படித்தார்கள்? பிறகு குறுந்தகடும் எம்பி3-யும் வந்து, வெளியீட்டாளரின் கையிலிருந்தும் வருவாயைப் பறித்தன. அதன் பின் கைப்பேசி அழைப்பிசை வந்தது. பழைய பாட்டுக்குப் புதிய விலை கிடைத்தது. அந்த விலை யாருக்கு என்ற கேள்வி அப்போதுதான் எழுந்தது. 2021-இல் ஜேம்ஸும் மைல்ஸ் குழுவினரும், தங்கள் பாடல்களை அனுமதியின்றிப் பயன்படுத்தியதாகக் கைப்பேசி நிறுவனம் ஒன்றின் மீது டாக்கா நீதிமன்றத்துக்குச் சென்றனர். 2000-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்துக்குப் பதிலாக 2023-இல் புதிய சட்டமும் வந்தது.

இதில் ஒரு முரண் உண்டு. உரிமை பெறாத நகல் நாடாக்களைக் கேட்டுத்தான் இந்த இசை பிறந்தது. எலிஃபென்ட் ரோட்டுக் கடைகள் பதிப்புரிமைச் சட்டத்தை மதித்திருந்தால் வார்ஃபேஸ் இல்லை. அதே நகலெடுப்பு பின்னாளில் இவர்களுடைய பிழைப்பையும் தின்றது. இறுக்கமான உரிமைச் சட்டம் கற்பவனைத் தடுக்கிறது. தளர்வான சட்டம் படைத்தவனைப் பட்டினி போடுகிறது. எங்கே கோடு கிழிப்பது என்பதற்குப் பொருளாதார நூல்களில் தேர்ந்த சூத்திரங்கள் இருக்கின்றன. என்னைக் கேட்டால், கற்பவனுக்குக் கதவைத் திறந்து வை, விற்பவனிடம் கணக்குக் கேள் என்பேன். தனி மனிதன் வீட்டில் நகலெடுத்துக் கேட்பதையும், நிறுவனம் ஒன்று அதை வைத்துக் காசாக்குவதையும் ஒரே தராசில் நிறுக்கலாகாது.

மேடை நிகழ்ச்சி இருக்கிறதே என்பார்கள். வில்லியம் பாமோலும் வில்லியம் போவனும் 1966-லேயே அதற்குப் பதில் எழுதிவிட்டார்கள். நான்கு பேர் வாசிக்கும் இசையை இருநூறு ஆண்டுகளுக்கு முன்பும் நான்கு பேர்தான் வாசித்தார்கள்; இன்றும் நான்கு பேர்தான் வேண்டும். ஆடைத் தொழிற்சாலையில் உற்பத்தித் திறன் உயர்கிறது, கூலியும் அதை ஒட்டி உயரலாம். கிதாரை இரு மடங்கு வேகத்தில் வாசித்து நிகழ்ச்சியைப் பாதி நேரத்தில் முடிக்க இயலாது. (ஹெவி மெட்டல்காரர்கள் அதற்கும் முயன்றிருக்கிறார்கள் என்பது வேறு செய்தி.) செலவு ஏறிக்கொண்டே போகும்; அந்த இடைவெளியை யாராவது நிரப்ப வேண்டும். சில நாடுகளில் அரசு நிரப்புகிறது. வங்கதேசத்தில் குளிர்பானமும் கைப்பேசியும் விற்பவர்கள் நிரப்புகிறார்கள்.

2024-இல் வார்ஃபேஸுக்கு நாற்பது வயது நிறைந்தது. அவ்வாண்டு 'கோக் ஸ்டுடியோ பங்களா'வில் 'அபாக் பாலோபாஷா' புதிய வடிவில் வந்தது. பாப்னாவும் திரும்ப வந்து குழுவினருடன் பாடினார். அதன் இணைப்பை எனக்கு அனுப்பி வைத்தவர் அதே மாணவர். இப்போது அவர் கனடாவில் இருக்கிறார். தலை நரைத்துவிட்டது என்று படமும் அனுப்பியிருந்தார். இம்முறை பாட்டை முழுமையாகக் கேட்டேன். இரண்டு முறை கேட்டேன். பிறகு அவருக்கு ஒரு செய்தி அனுப்பினேன்: "நன்றாக இருக்கிறது. 1994 நாடாவின் மூலப் பதிவு உரிமை இப்போது யாரிடம் இருக்கிறது? இந்த ஒளிபரப்பில் எழுதியவருக்கு எவ்வளவு பங்கு?"

சிறிது நேரத்தில் பதில் வந்தது: "சார், இருபத்தாறு ஆண்டுகள் கழித்தும் நீங்கள் பாட்டைக் கேட்கவில்லை, கணக்கைத்தான் கேட்கிறீர்கள்."

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு).